லெவலிங் கிட், பெரிய டயர், பெட்ரோல் செலவு: பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் பிக்கப் டிரக் நிற்காத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். இங்கே குடிவந்த நம்மவர்களிலும் பலர் இப்போது பிக்கப்புக்கு மாறிவிட்டார்கள். வாங்கி ஆறு மாதம் ஆனதும் முன்பக்கத்தைத் தூக்கி, பெரிய டயர் மாட்ட வேண்டும் என்று ஆசை வரும். மாட்டியபின் பங்க்குக்குப் போய் வந்ததும் எனக்கு போன் வரும். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. என்னிடம் இருப்பது ஃபோர்டு எஃப்-150 என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும். கணக்கெல்லாம் இங்குள்ள வழக்கப்படி மைலிலும் கேலனிலும்தான். ஊர்க் கணக்கு வேண்டுமென்றால், கேலனுக்கு 20 மைல் என்பது லிட்டருக்குச் சுமார் எட்டரை கிலோமீட்டர்.

லெவலிங் கிட் என்பது என்ன? கம்பெனிக்காரனே வண்டியைச் சமமாக வைத்து அனுப்பினால் என்ன?

புது பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் கொஞ்சம் குனிந்தும் இருக்கும். வித்தியாசம் ஒன்றிலிருந்து இரண்டரை அங்குலம் வரை போகும். காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. பின்தட்டில் மூட்டை ஏற்றினாலோ டிரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி சமமாக நிற்கும்.

ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தட்டில் ஏற்றுவது காஸ்ட்கோ கடைச் சாமான்தான். அதனால் வண்டி எப்போதும் குனிந்தே நிற்கிறது, கண்ணை உறுத்துகிறது. லெவலிங் கிட் செய்வது இவ்வளவுதான்: முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஒரு ஸ்பேசரை, அதாவது இடைத்துண்டை, வைத்து முன்பக்கத்தை ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் தூக்கிவிடும். ஸ்பேசர் ஒரு அங்குல கனம்தான் இருக்கும், வண்டி இரண்டு அங்குலம் எழும். சஸ்பென்ஷன் கை நெம்புகோல் மாதிரி வேலை செய்வதால் வரும் பெருக்கம் அது. பெட்டியில் ஒரு அங்குலம்தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

டயரைத் தொடாமல் கிட் மட்டும் போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

மிகக் கொஞ்சம். சாதாரண ஓட்டத்தில் கேலனுக்கு அரை மைல்கூடக் குறையாமல் போகலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

குறைவது ஏன் என்றால், காற்று. முன்பக்கம் எழும்போது பம்பருக்குக் கீழே கூடுதல் காற்று புகுந்து, மேடுபள்ளமான அடிப்பாகத்தில் மோதிச் சுழல்கிறது. முன் டயர்களும் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் வெளிப்படுகின்றன. இது கற்பனை இல்லை என்பதற்குக் கம்பெனிகளே சாட்சி. 2019 ராம் 1500 பிக்கப்பில் வேகம் கூடியதும் பம்பருக்குக் கீழே ஒரு காற்றுத் தடுப்பு தானாக இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள ராம், ஹைவேயில் தன்னைத்தானே கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும். மைலேஜுக்காக அவர்கள் ஓரங்குலத்துக்கும் குறைவான தாழ்வைத் தேடி ஓடுகிறார்கள், நாம் காசு கொடுத்து இரண்டு அங்குலம் எதிர்ப்பக்கம் போகிறோம். இருந்தாலும் இழப்பு சிறியதுதான்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சில கடைகளில், பெரிய டயர் உரசுகிறது என்று முன் பம்பருக்குக் கீழே தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றிவிடுவார்கள். அது அழகுக்காக மாட்டியது இல்லை. அதைக் கழற்றினால் ஹைவே மைலேஜுக்கு வரும் அடியைக் கிட்டின் தலையில் போடக் கூடாது.

அப்படியென்றால் மூன்று மைல், நான்கு மைல் போச்சு என்கிறார்களே?

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிட்டோடு டயரும் மாற்றினீர்களா? பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். கிட் போடுவதே பெரிய டயருக்கு இடம் பண்ணத்தான். இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில் நடக்கிறது. தின்றது டயர், பழி கிட்டுக்கு.

டயர் எப்படி இவ்வளவு தின்னும்?

முதலில் எடை. எஃப்-150-ல் வரும் 275/65ஆர்18 (275 மில்லிமீட்டர் அகலம், 18 அங்குல ரிம்) பயணிகள் ரக டயர் ஒன்று சுமார் 40 பவுண்டு. அதே 18 அங்குல ரிம்முக்கு 35 அங்குல, ஈ-லோடு (அதிக பாரம் தாங்கும் கனமான ரகம்), ஆல்-டெர்ரெய்ன் (ரோட்டுக்கும் கரடுமுரடான தரைக்கும் பொதுவான) டயர் வாங்கினால் ஒன்று 65, 70 பவுண்டு வரும். நான்குக்கும் சேர்த்து நூறு பவுண்டுக்கு மேல் கூடுகிறது. வண்டியில் நூறு பவுண்டு கூடினால் மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசின் பொதுக் கணக்கு. ஆனால் இது தட்டில் சும்மா கிடக்கும் எடை இல்லை, சுழலும் எடை. அதுவும் டயரின் எடை பெரும்பாலும் விளிம்பில் இருக்கிறது. வண்டி வேகமெடுக்கும்போது அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை மாதிரி நடந்துகொள்ளும். சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்புபவருக்கு இதுதான் உறைக்கும். ஒரே வேகத்தில் போகும் ஹைவேயில் இந்தச் சுழலும் எடையால் பெரிய பாதிப்பு இல்லை.

அடுத்தது உருளும் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போய்விடும். கனமான சுவர், ஆழமான கட்டைகள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் துண்டுகள்) கொண்ட டயரில் இந்த நஷ்டம் அதிகம். உருளும் தடை 10 சதவீதம் மாறினால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் மாறும் என்று 2006-ல் அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியத்தின் அறிக்கை ஒன்று சொன்னது. கம்பெனியில் வரும் டயர் மைலேஜைக் கருதியே தேர்ந்தெடுத்தது. அதிலிருந்து சேற்றுக்கென்றே செய்த மட்-டெர்ரெய்னுக்குத் தாவினால் வித்தியாசம் 10 சதவீதத்தோடு நிற்காது.

மூன்றாவது அகலம். 275 மில்லிமீட்டருக்குப் பதில் பன்னிரண்டரை அங்குலம், அதாவது சுமார் 318 மில்லிமீட்டர். ரிம் வெளியே தள்ளி நிற்கும் ரகம் என்றால் டயர் ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை, தாண்டிக் காற்றில் நிற்கும். ஊருக்குள் எடை, ஹைவேயில் அகலமும் கட்டையும் என்று வைத்துக்கொண்டால் அதிகம் தவறாது.

இதற்கு அரசாங்கக் கணக்கு ஏதாவது உண்டா?

நாம் மாட்டும் டயருக்குத் தனியாக யாரும் சோதனை செய்து ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. ஆனால் கம்பெனியே பெரிய டயரோடு விற்கும் வண்டிகளைப் பார்த்தால் ஒரு அளவு கிடைக்கும். 2021 எஃப்-150 ராப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 35 அங்குல டயரோடு இ.பி.ஏ. (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) கொடுத்த எண்கள் நகரத்தில் 15, ஹைவேயில் 18, இரண்டும் சேர்த்து 16. அதே வண்டியை, அதே இன்ஜினோடு, 37 அங்குல டயர் பேக்கேஜில் எடுத்தால் 14, 16, 15. இரண்டு அங்குல டயருக்கு ஹைவேயில் 2 மைல் காலி. அந்தப் பேக்கேஜில் ஷாக் அப்சார்பர் போன்றவையும் மாறும் என்றாலும் டயரின் பங்கு பெரியது.

அதே வருட சாதாரண ஃபோர்-வீல் டிரைவ் எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின்: 18, 23, 20. இதற்கும் ராப்டருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் டயரால் வந்ததில்லை. ராப்டர் அகலமான வண்டி, கனம் அதிகம், கியரும் வேறு. செவர்லேயின் சில்வராடோவில் மட்-டெர்ரெய்ன் டயரோடு வரும் வண்டியை இ.பி.ஏ. தனி வரிசையில் போட்டு, எண்ணைக் குறைத்தே காட்டுகிறது. டயர் ஒரு பொருட்டே இல்லை என்று வாதம் செய்பவரிடம் இதைக் காட்டினால் போதும்.

பெரிய டயர் போட்டதும் 20 கொடுத்த வண்டி 16.7 கொடுக்கிறது. இது நிஜமா?

பாதி நிஜம். எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது.

உங்கள் ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, பழைய டயரின் அளவால் பெருக்கி மைல் காட்டுகிறது. 275/65ஆர்18 டயரின் விட்டம் 32.1 அங்குலம். 35 என்று எழுதிய டயரை அளந்தால் பெரும்பாலும் முப்பத்துநாலரை அங்குலம்தான் இருக்கும், அது வேறு கதை. ஆக, புது டயர் ஏழரை சதவீதம் பெரியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஏழரை சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 20 கேலன் செலவழித்து உண்மையில் 360 மைல் போயிருக்கிறீர்கள். கேலனுக்கு 18. ஆனால் ஓடோமீட்டர் 335 மைல்தான் காட்டும். அதை 20-ஆல் வகுத்தால் 16.75. உண்மையில் போனது 2 மைல், உங்கள் மனம் நொந்தது 3.3 மைலுக்கு. டேஷ்போர்டில் காட்டும் சராசரியும் அதே எண்ணிக்கையிலிருந்து வருவதால் அதுவும் இதே பொய்யைச் சொல்லும்.

இதில் இன்னொரு உள்குத்து இருக்கிறது. ஸ்பீடோமீட்டரும் இதே தவறைச் செய்யும். முள் 70 காட்டும்போது நீங்கள் 75-ல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், அந்த ஏழரை சதவீத வேகத்துக்குக் காற்று 15 சதவீதத்துக்கும் மேல் பலமாகத் தள்ளும். அதாவது, அளவு சரிசெய்யாத வண்டி மைலேஜைக் குறைத்துக் காட்டுவதோடு, உங்களுக்கே தெரியாமல் வேகமாக ஓடவைத்து நிஜமாகவும் குறைக்கிறது. நான் முதல் தடவை டயர் மாற்றியபோது கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லா வண்டியையும் நான் முந்திக்கொண்டு போவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டிலிருந்து வீட்டம்மா கேட்டபிறகுதான் போனில் ஜி.பி.எஸ். திறந்து பார்த்தேன்.

அதை எப்படிச் சரிசெய்வது?

ஃபோர்டு என்றால் ஃபார்ஸ்கான் என்ற மென்பொருளும் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்றும் போதும், டயரின் சுற்றளவை மில்லிமீட்டரில் மாற்றலாம். மற்ற வண்டிகளுக்குத் தனிக் கருவிகள் உண்டு, சில டீலர்களும் செய்து தருவார்கள். கம்பெனி தராத அளவை நாங்கள் போட மாட்டோம் என்று கைவிரிக்கும் டீலர்களும் உண்டு. எதுவும் முடியவில்லையா, ஓடோமீட்டர் காட்டும் மைலை 1.075-ஆல் பெருக்குங்கள். உங்கள் டயருக்கான எண், புது விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்தால் வருவது.

டயர் பெரிதானால் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) குறையுமே, மைலேஜ் கூடத்தானே வேண்டும்?

நல்ல கேள்வி. தாளில் சரி, ரோட்டில் பெரும்பாலும் இல்லை.

3.55 ஆக்சில் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.55 சுற்று சுற்றும்) உள்ள வண்டியில் மேலே சொன்ன டயரை மாட்டினால் அது 3.30 ஆக்சில் மாதிரி ஓடும். 3.31 என்பது ஃபோர்டே மைலேஜுக்காக விற்கும் ஆக்சில்தான். ஆனால் அது சின்ன டயரோடு வரும். இங்கே இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, தள்ள வேண்டிய பாரமோ கூடியிருக்கிறது. சின்ன மேடு வந்தாலும் கியர்பாக்ஸ் கீழே இறங்கும். பத்து கியர் உள்ள வண்டி பத்தாவதில் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் அலையும். டர்போ இன்ஜின் அடிக்கடி பூஸ்ட் ஏற்றும். பாரம் குறைந்த நேரத்தில் பாதி சிலிண்டரை நிறுத்திவைக்கும் வி8 இன்ஜின்களில் அந்த நிறுத்தம் அபூர்வமாகிவிடும். டெக்சஸ் மாதிரி தட்டையான ஊரில், 60 மைல் வேகத்தில், எதிர்காற்று இல்லாமல் போனால் குறைந்த ஆர்.பி.எம். கொஞ்சம் உதவலாம். அப்படிப் போகிறவர் 35 அங்குல டயர் வாங்குவாரா என்பது வேறு விஷயம்.

ஆக்சில் கியரை மாற்றிவிட்டால்?

3.55-க்குப் பதில் 3.73 போட்டால் வண்டி ஏறக்குறைய பழைய குணத்துக்குத் திரும்பும். ஃபோர்-வீல் வண்டியில் முன், பின் இரண்டையும் மாற்ற வேண்டும், செலவு ஆயிரத்து ஐந்நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டும். டிரெய்லர் இழுப்பவருக்கும் 37 அங்குலத்துக்குப் போகிறவருக்கும் நியாயம். மைலேஜை மீட்க மட்டும் என்றால் போட்ட காசு திரும்பாது.

வருஷத்துக்கு எவ்வளவு பணம் போகும்?

வருஷம் 12,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 கொடுத்த வண்டி 18 கொடுத்தால் கூடுதலாக 67 கேலன், சுமார் 200 டாலர். 17-க்கு இறங்கினால் 106 கேலன், சுமார் 318 டாலர். நான்கு டயரின் விலையோடு ஒப்பிட்டால் இது உயிர் போகும் செலவு இல்லை. வாராவாரம் வலிப்பதால் பெரிதாகத் தெரிகிறது.

எத்தனை மைல் குறைந்தது என்று பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. 25 கொடுத்த சின்ன பிக்கப் 22-க்கு இறங்கினால், நூறு மைலுக்கு அரை கேலனுக்குச் சற்று மேல் கூடுதல் செலவு. 12 கொடுத்த பெரிய வண்டி 11-க்கு இறங்கினால் முக்கால் கேலன். ‘எனக்கு ஒரு மைல்தான் போச்சு’ என்று பெருமை பேசுபவர்தான் அதிகம் கட்டுகிறார்.

எந்த டயர் வாங்கினால் அடி குறைவாக இருக்கும்?

275/70ஆர்18. விட்டம் சுமார் 33 அங்குலம், அகலம் பழையதேதான். பார்வைக்கும் நிறைவாக இருக்கும். மட்-டெர்ரெய்ன் வேண்டாம். ஆல்-டெர்ரெய்னிலும் பயணிகள் ரகத்தில் கிடைப்பதைத் தேடுங்கள், பாறைமேல் ஏறாதவருக்கு ஈ-லோடு தேவையே இல்லை. கடையில் அளவை மட்டும் கேட்காமல் எடையையும் கேளுங்கள். ஒரே அளவில் இரண்டு பிராண்டுக்குள் பத்து பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

காற்று எவ்வளவு வைப்பது? கதவு ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறதே?

அந்த எண் வண்டியோடு வந்த டயருக்கு. எல்.டி. ரக (லைட் டிரக்குக்கான, ஈ-லோடு போன்ற) டயர் அதே பாரத்தைத் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று கேட்கும். டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து வைப்பதுதான் முறை. குறைவாக வைத்தால் டயர் சூடாகும், மைலேஜும் குறையும்: நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம். அதற்காக டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டால் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரத்தில் பிடிமானமும் குறையும்.

கிட் போட்டபின் வேறு என்ன பார்க்க வேண்டும்?

வீல் அலைன்மென்ட். முன்பக்கம் எழுந்தால் சக்கரக் கோணங்கள் மாறும். டயர்கள் ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ நின்றால் ஒவ்வொரு மைலும் அவை இழுபட்டுத்தான் போகும். மைலேஜும் போகும், புது டயரும் போகும்.

ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும். 145 அங்குல வீல்பேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) முன்பக்கம் இரண்டு அங்குலம் எழுந்தால், 25 அடி தள்ளியிருக்கும் சுவரில் ஒளி நான்கு அங்குலம் சாய்ந்து ஏறும், விளக்கு எழுந்த உயரம் அதற்கு மேல். எதிரே வருபவர் நம்மைத் திட்டுவது நமக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

டிரெய்லர் இழுப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். குனிவை எடுத்துவிட்டதால் பாரம் ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்.

வாரண்டி போய்விடுமா? போலீஸ் பிடிப்பார்களா?

கிட் போட்டதாலேயே முழு வாரண்டியும் செல்லாது என்று டீலர் சொல்ல முடியாது. 1975-ன் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, நீங்கள் மாட்டியதால்தான் அந்தப் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். முன் ஆக்சிலிலோ பால் ஜாயிண்டிலோ பழுது வந்தால் அப்படிக் காட்டுவது அவர்களுக்குச் சுலபம், அதையும் நினைவில் வையுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, வட கரோலினாவில் 2021 டிசம்பரிலிருந்து தடை செய்திருப்பது முன் ஃபெண்டர் பின்னதைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்கும்படி மாற்றுவதை. லெவலிங் அதில் வராது.

டிசம்பரில் மாட்டினேன், மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது!

குளிரைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொடுத்த நகர மைலேஜைவிட 20 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும் என்கிறது அரசுக் கணக்கு, டயரே மாற்றாமல். ஒப்பிடுவதென்றால் அதே பங்க், அதே பம்ப், அதே பாதை, குறைந்தது மூன்று டேங்க், தூரம் ஜி.பி.எஸ்.ஸில்.

மாட்டியாகிவிட்டது, கழற்ற மனம் வரவில்லை. போனதை எப்படி மீட்பது?

75-ல் போவதை 65 ஆக்குங்கள். 65-ல் இருக்கும் காற்றின் எதிர்ப்பைவிட 75-ல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். லெவலிங் கிட் எடுத்ததைவிடப் பல மடங்கு இங்கே திரும்பி வரும். என் வீட்டில் யாரும் இந்த யோசனையை ஏற்கவில்லை, நானும் பாதி நாள்தான் கடைப்பிடிக்கிறேன்.

பின் கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகுமாமே?

போகாது. மூடியிருக்கும்போது தட்டுக்குள் காற்று ஒரு குமிழ் மாதிரி சுழன்று நிற்கும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்தக் குமிழ் கலையும். தட்டில் இருக்கும் கூலரும் ரோட்டில் விழும்.